ஊர் ரோட்டுக்கு மனு எழுதும் முன் ஓடையைப் பாருங்கள்

நெடுஞ்சாலைத்துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். ரப்பர், வாழை, தென்னை, இடையிடையே வீடுகள், அவற்றைச் சுற்றி வளைந்து போகும் சின்னச் சின்ன ரோடுகள். மழைக்காலம் முடிந்தால் "மாமா, ஒரு மனு எழுதித் தாருங்க, ரோட்டுல நடக்க முடியல்ல" என்று யாராவது வந்துவிடுவார்கள். எழுதித் தருவேன். ஆனால் பேனாவை எடுக்கும் முன் அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் ஒரு நடை போய் வருவேன். அங்கே என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும். குமரி மாவட்டத்தில் இது லேசில் பிடிபடாது. இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் ஒரு மாநகராட்சி, சில நகராட்சிகள், வரிசையாகப் பேரூராட்சிகள், 9 ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றுக்குக் கீழே கிராம ஊராட்சிகள். பஸ் போகும் ஒரே ரோட்டில் கால் மணி நேரம் நடந்தால் இரண்டு எல்லையைத் தாண்டிவிடுவோம். கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாநிலச் சாலையும் மாவட்டச் சாலையும் நெடுஞ்சாலைத்துறையின் பொறுப்பு. அவற்றில் பள்ளம் என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். 'நம்ம சாலை' செயலியில் படம் எடுத்துப் போட்டாலும் போய்ச் சேரும். கல்லே இல்லாத ரோடு பெரும்பாலும் ஒன்றியத்தினுடையதாகவோ ஊராட்சி, பேரூராட்சியினுடையதாகவோ இருக்கும். அலுவலகத்தில் சாலைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உங்கள் ரோடு அதில் என்ன பெயரில், எவ்வளவு நீளத்தில் ஏறியிருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவிலும் அதே பெயரை எழுதுங்கள். ஊரில் நாம் சொல்லும் பெயர் ஒன்று, பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறொன்று என்றால் மனு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சானல் கரை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் ஓடும் பட்டணங்கால், அனந்தனார் சானல், தோவாளை சானல் இவற்றின் கரைகளில் எத்தனையோ வீடுகளுக்குப் போகும் வழி இருக்கிறது. அந்தக் கரை நீர்வளத்துறைக்குச் சொந்தம். ஊராட்சி அங்கே ரோடு போட வேண்டுமானால் அந்தத் துறையின் அனுமதி வேண்டும். கரை இடிந்து ரோடு சரிந்தால் பக்கச்சுவர் கட்டித் தரவும் அங்கேதான் கேட்க வேண்டும். குளக்கரை ரோடு என்றால் குளம் யார் வசம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, தனியார் நிலத்து வழி. நம் ஊர்களில் வீடு தெருவாக அமைவது குறைவு. அவரவர் விளையில், அதாவது தோட்டத்தில், அவரவர் வீடு. நாலு பேர் ஆளுக்கு ரெண்டடி விட்டுக்கொடுத்து உண்டான முடுக்குகள், அதாவது சின்னச் சந்துகள், நிறைய. பத்திரத்தில் அந்த நிலம் இன்னமும் அவரவர் பெயரில்தான் கிடக்கும். அப்படிப்பட்ட வழியில் அரசுப் பணம் செலவு செய்ய முடியாது. நிலம் விட்டவர்கள் எல்லோரும் ஊராட்சி அல்லது பேரூராட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஒரே ஒருவர் கையெழுத்து போடாமல் நின்றாலும் அந்த வழியில் அலங்காரத் தரைக்கல் பதிக்க முடியாமல் போகும். இதை மனுவுக்கு முன்பே பேசி முடியுங்கள். வருவாய்த்துறை வைத்திருக்கும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்தால் அது புறம்போக்கா பட்டாவா என்று தெரிந்துவிடும்.

சரி, இனி ரோட்டுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: ரோட்டைக் கெடுப்பது தண்ணீர். நமக்கு ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. வருஷத்தில் பாதி நாள் ரோடு நனைந்தே கிடக்கிறது. தாரில் ஒரு விரிசல் விழுந்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லிக்குக் கீழே இருக்கும் மண்ணை இளக்கிவிடும். மேலே ஒரு டெம்போ போனால் அந்த இடம் அமுங்கும், அமுங்கிய இடத்தில் மறுபடி தண்ணீர் தேங்கும். தேங்கும் தண்ணீருக்கு வழி செய்யாமல் எத்தனை தடவை தார் போட்டாலும் அதே இடத்தில்தான் பெயரும். ஊரில் எந்த ரோட்டை வேண்டுமானாலும் பாருங்கள், பள்ளங்கள் மாறி மாறி விழாது. வருஷா வருஷம் ஒரே ஐந்தாறு இடம்தான்.

அதனால் நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து ரோட்டுக்கு ஏறுகிறது, எங்கே குறுக்கே பாய்கிறது, எங்கே போக வழியில்லாமல் நிற்கிறது என்று பாருங்கள். வெயிலில் பத்து நாள் நடந்து தெரியாதது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் பார்த்தவரை காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வண்டி ஏற்றுவதற்காக ரோட்டோரத்து ஓடையை, அதாவது மழைநீர் வடிகாலை, மூடி வாசலில் சிலாப் போட்டிருப்பார்கள். அடியில் நாலங்குலக் குழாய் ஒன்றை வைத்து அதுவே போதும் என்று விட்டிருப்பார்கள். அதில் ஒரு கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, வந்து சிக்கினால் மேலேயுள்ள பத்து வீட்டுத் தண்ணீரும் ரோட்டில் ஏறும். ரோட்டுக்கு அடியில் குறுக்கே தண்ணீரைக் கடத்தும் கலுங்கின் வாயில் மண் மூடிக் கிடக்கும். ரோட்டோரத்து மண் தாரைவிட உயரமாக வளர்ந்து, ரோட்டில் விழுந்த தண்ணீர் ஓடைக்கு இறங்க முடியாமல் ரோட்டிலேயே ஓடும். எங்கள் மலையோரப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தை மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து ஓடை முழுக்க மெத்தை மாதிரி நிறைந்துவிடும். கோடை மழை ஒன்று அடித்தால் அது அத்தனையும் சேர்ந்து போய்க் கலுங்கை அடைக்கும். குடிநீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மழையில்லாத நாளிலும் ஒரு இடம் ஈரமாக இருந்தால் அதுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு டேப் பிடித்து அளந்து மனு எழுதுங்கள். "பொதுமக்கள் சொல்லொணாத் துயரம் அனுபவிக்கிறார்கள்" என்று எழுதினால் பொறியாளருக்கு அதிலிருந்து எஸ்டிமேட் போட ஒன்றும் கிடைக்காது. நான் எழுதித் தருவது இப்படி இருக்கும்:

"அம்மன்கோவில் முக்கு முதல் ரேஷன் கடை வரை 420 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள தார்ச்சாலை. தொடக்கத்திலிருந்து 110 முதல் 160 மீட்டர் வரை கிழக்குப் பக்க ஓடை தூர்ந்து மழைநீர் சாலையில் ஓடுகிறது. இந்த 50 மீட்டருக்குள் 6 பள்ளங்கள் உள்ளன. பெரியது 2 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் ஆழம். 290-ஆவது மீட்டரில் கலுங்குக் குழாய் அடைபட்டுள்ளது. ஓடையைத் தூர்வாரி, கலுங்கைச் சரிசெய்து, அதன் பின் சாலையைச் செப்பனிட்டுத் தருமாறு வேண்டுகிறோம்."

மழையில் எடுத்த படம் இரண்டு, வெயிலில் எடுத்த படம் இரண்டு. அந்த ரோட்டில் குடியிருப்பவர்களின் கையெழுத்து. இவ்வளவு போதும். வீடுகளின் தரையைவிட ரோடு ஏற்கனவே உயர்ந்து நிற்கிறது என்றால் இன்னொரு வரி சேருங்கள்: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2021-இலேயே இதற்கு உத்தரவிட்டிருக்கிறார். கேட்காத இடத்தில் பழையதின் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

யாரிடம் கொடுப்பது? பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம். கூடவே வார்டு உறுப்பினரிடம் ஒரு நகல், ஏனென்றால் மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துப் பேச வேண்டியவர் அவர்தான். கிராம ஊராட்சியில் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை தனி அலுவலராக இருப்பவரிடம், அதாவது ஒன்றிய அலுவலகத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லை என்றால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் கொடுக்கலாம், 1100-இல் கூப்பிட்டும் பதிவு செய்யலாம். ஆனால் அவை சுற்றி வந்து அதே பொறியாளரின் மேசையில்தான் விழும். அதனால் முதல் மனுவைச் சரியாக எழுதுங்கள்.

காலமும் முக்கியம். நம் பக்கம் தார் வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் வைகாசி நடுப்பகுதி வரைதான். அதற்குள் வேலை நடக்க வேண்டுமானால் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் மழைக்காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ரோடு மோசம் என்று மாசியில் மனு கொடுத்தால் அது அடுத்த வருஷத்துக்குத்தான். ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைக் கூட்டங்களுக்குப் போங்கள். அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் எந்த வேலை ஏறுகிறது என்பது அந்தச் சமயத்தில்தான் முடிவாகும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ரோட்டின் பெயரும் நீளமும் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை வரப்போகிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ரோட்டில் தாரின் கறுப்பு மங்கும் முன்பே குழாய்க்காக நீளவாக்கில் வெட்டினார்கள். குழாய், ஓடை, அப்புறம் ரோடு. இந்த வரிசை மாறக் கூடாது.

வேலை உத்தரவு ஆனதும் எஸ்டிமேட்டைப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு நகல், குறைபாடுகளுக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்கும் காலம் எத்தனை வருஷம், வேலை முடிந்திருந்தால் எம்-புக் (செய்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) நகல், இந்த நான்கையும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது.

தார் போடும் நாளில் வீட்டுக்கு ஒருவராவது ரோட்டில் நில்லுங்கள். சண்டைக்கு நிற்க வேண்டாம். வெயிலில் கொதிக்கும் தார்க் கலவையோடு மல்லுக்கட்டும் ஆட்கள் அவர்கள், தண்ணீரோ கருப்பட்டிக் காப்பியோ கொடுங்கள். எதையாவது கேட்க வேண்டுமானால் மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ கேளுங்கள். பார்க்க வேண்டியவை இவை. பழைய ரோட்டைத் தூசு போகக் கூட்டியிருக்க வேண்டும். அதன் மேல் பசைத் தார் எல்லா இடத்திலும் படும்படி தெளித்திருக்க வேண்டும். தூசு மேல் போட்ட தார் தோசை மாதிரி உரிந்து வரும். லாரியில் கலவை தார்ப்பாய் மூடி வந்திருக்க வேண்டும், கொட்டும்போது ஆவி பறக்க வேண்டும். பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, பொறியாளரிடம் வெப்பமானி இருக்கும், கேட்டால் குத்திக் காட்டுவார். ஆறிக் கட்டி கட்டியாகிப் போன கலவையை எந்த ரோலராலும் இறுக்க முடியாது. தூறல் விழுந்தால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும்.

கனத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இறுகிய பிறகு 30 மில்லிமீட்டர் கனம் என்றால் 9 கனமீட்டர். எடையில் ஏறக்குறைய 20 டன். ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டு உண்டு. சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் எஸ்டிமேட்டில் உள்ள கனம் ரோட்டில் விழுந்ததா இல்லையா என்று யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

ரோலர் ஓடி முடிந்ததும் ரோட்டின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். 3 மீட்டர் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். வளைவிலும், ஒரே பக்கமாகச் சாய்த்துப் போடும் ரோட்டிலும் மட்டும் கணக்கு வேறு. தார் ஓரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே படி மாதிரி பள்ளம் விட்டுப் போகாமல் செம்மண் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், அந்த மண் ஓடைப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட ரோட்டில்தான் பைக் சக்கரம் வழுக்கி ஆட்கள் விழுகிறார்கள், தாரும் ஓரத்திலிருந்து பிஸ்கட் மாதிரி உடைந்துகொண்டே வரும். முடுக்கில் காங்கிரீட் ரோடு என்றால் வேலை முடிந்த பிறகுதான் நமக்கு வேலை: பாத்தி கட்டியோ ஈரச்சாக்கு போட்டோ 14 நாள் நனைய வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் வராத நாளில் அந்தந்த வீட்டுக்காரர்களே குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன், அந்த முடுக்கு இன்றைக்கும் கீறல் இல்லாமல் இருக்கிறது.

வேலை முடிந்த அன்று ரோட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை படம் எடுத்து வையுங்கள். முதல் மழைக்கு மறுபடி குடையோடு போய்ப் பாருங்கள். எங்காவது தண்ணீர் நின்றால், பொறுப்புக் காலத்துக்குள் இருப்பதைக் குறிப்பிட்டு, இடத்தை மீட்டரில் சொல்லி அன்றைக்கே எழுதுங்கள். ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகை அலுவலகத்திடம் இருக்கும்வரைதான் அவர் சொந்தச் செலவில் வந்து சரிசெய்வார். ஒட்டுப்போட வந்தால் பள்ளத்தில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போக விடாதீர்கள். பள்ளத்தைச் சுற்றி நல்ல தார் வரும்வரை சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் மண்ணையும் தண்ணீரையும் எடுத்து, பசைத் தார் அடித்து, ரோட்டு மட்டத்துக்குச் சற்று மேலே நிரப்பி ரோலர் ஓட்ட வேண்டும். பங்குனி முடிவதற்குள் உங்கள் வீட்டு வாசல் சிலாப்பின் அடியில் ஒரு கம்பியை விட்டு, ரப்பர் இலையும் கதம்பையும் அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அந்தக் குழாய் நாலங்குலம்தான் என்றால் சிலாப்பைப் பெயர்த்து ஓடையின் முழு அகலத்துக்கும் திறந்துவிட்டு, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வண்டியும் ஏறும், தண்ணீரும் போகும்.