வார்ப்பு ஈயக்குண்டும் ரைஃபிள் குழலும்: அளவில் செய்யும் தவறுகள்

ஈயக்குண்டு வார்த்து, சுட்ட உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ரீலோட் செய்யத் தொடங்கிய ஒருவர் போன மாதம் தன் ரைஃபிளை என்னிடம் கொண்டுவந்தார். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் வரிப்பள்ளங்கள் நெடுக ஈயம் ஏடு ஏடாக ஒட்டிக் கிடக்கிறது. "இந்த ஈயம் மிருதுவாக இருக்கிறது, இன்னும் கடினமான கலவை வாங்கப் போகிறேன்" என்றார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி அணிவது, காற்றோட்டம், உருகிய ஈயத்தின் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். நான் அளவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் வேலை செய்பவர்கள் ‘தவ்’ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெயரில் இருக்கும் எண்ணை நம்புவது

.303 பிரிட்டிஷ் என்ற தோட்டா என்றால் குண்டு 0.303 அங்குலம் என்று நினைக்கிறார்கள். குழலுக்குள் வரிப்பள்ளங்களுக்கு இடையே நிற்பது மேடு. அந்த எண் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் ஏட்டளவில் 0.311 வரும். .308 வின்செஸ்டரில் பெயரில் உள்ள எண்ணே பள்ளத்தின் அளவு. பெயர் வைத்ததில் ஒரே முறை கிடையாது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏட்டளவும் முழுசாக உதவாது. போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த லீ-என்ஃபீல்டு (.303 தோட்டா சுடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) குழல்களில் 0.313, 0.314 எல்லாம் சாதாரணமாக வரும். செப்பு ஜாக்கெட் போட்ட குண்டு இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஈயம் தாங்காது. வார்ப்புக் குண்டு பள்ளத்தின் அளவைவிட ஒன்று அல்லது இரண்டு தவ் பெரிதாக இருந்தால்தான் குழலை முழுக்க அடைத்துக்கொண்டு போகும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு முன்னே பாயும். அரித்த ஈயம்தான் குழலில் படிகிறது.

ஐந்து பள்ளக் குழலைத் தட்டை மைக்ரோமீட்டரால் அளப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

குழலை அளக்கும் வழி எளிது. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் லேசாக எண்ணெய் தடவ வேண்டும். பள்ளத்தின் அளவைவிடக் கொஞ்சம் பருமனான சுத்த ஈயத்துண்டு ஒன்றை மரச்சுத்தியலால் வாய்ப்பக்கம் தட்டி நுழைத்து, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். குழலின் மேடும் பள்ளமும் ஈயத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கும். அதில் உயர்ந்து நிற்கும் வரிகளின் குறுக்களவுதான் நமக்கு வேண்டியது.

நானும் இப்படித்தான் செய்தேன். என் லீ-என்ஃபீல்டில் ஐந்து பள்ளங்கள். மைக்ரோமீட்டரில் 0.312 காட்டியது. குண்டை உள்ளே அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டை ஒன்றை 0.313 அளவில் வாங்கினேன். ஐம்பது மீட்டரில் தாளில் விழுந்தவை வட்ட ஓட்டைகளே அல்ல, சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டைகள். குண்டு சுழலாமல் புரண்டு போயிருக்கிறது. இருபது முறை சுட்டதும் குழல் முழுக்க ஈயம்.

அப்புறம் ஆறு மாதம் எதை எதையோ மாற்றினேன். குண்டில் பூசும் மசகை மாற்றினேன், குண்டின் அடியில் மாட்டும் உலோகத் தொப்பியான கேஸ் செக் போட்டேன், வெடிமருந்தைக் குறைத்தேன், அச்சக எழுத்து ஈயத்தை அதிக விலைக்கு வாங்கி உருக்கினேன். ஒவ்வொரு முறையும் குழலைச் சுரண்டிச் சுத்தம் செய்யவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். அளக்காமல் விட்டிருந்தால் அளவின் மேல் சந்தேகம் வந்திருக்கும். நான்தான் அளந்துவிட்டேனே! அதனால் அந்த எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் மூத்த சுடுநர் ஒருவர் அந்த ஈயத்துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை பள்ளம் என்று எண்ணினாயா?" என்று கேட்டார். பள்ளங்கள் நான்கோ ஆறோ என்றால் ஒரு வரிக்கு நேர் எதிரே இன்னொரு வரி நிற்கும், தட்டை மைக்ரோமீட்டர் போதும். ஐந்து என்றால் வரிக்கு எதிரே தாழ்வான இடம் வரும். கருவி சரியாக உட்காராமல் குறைத்துக் காட்டும். அவரிடமிருந்த ‘வி’ வடிவத் தாங்கி வைத்த மைக்ரோமீட்டரில் அதே துண்டு 0.314 வந்தது. எனக்குத் தேவைப்பட்டது 0.315 அல்லது 0.316. நான் குண்டு வார்க்கும் அச்சிலிருந்து விழுந்த குண்டே 0.314தான். டை, அச்சு, வாங்கிக் குவித்த ஈயம் எதுவுமே அந்த ரைஃபிளுக்கு உதவவில்லை.

‘வி’ மைக்ரோமீட்டர் இல்லையென்றால், அளவு தெரிந்த சைசிங் டைகளில் அந்தத் துண்டை ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். உரசாமல் நழுவும் டைகளில் எது சிறியதோ, அதன் அளவுக்கு ஒட்டித்தான் உங்கள் பள்ளம் இருக்கும்.

வெர்னியர் காலிப்பர்

வேண்டாம். ஒரு தவ்வைத் தேடும் வேலைக்கு ஒரு தவ் பிழை காட்டக்கூடிய கருவி ஆகாது.

கலவையைக் கடினமாக்கினால் சரியாகிவிடும் என்பது

கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் சுத்த ஈயம் ஏறக்குறைய 5, அச்சக எழுத்து வார்க்கும் லைனோடைப் கலவை 22. இடையில் 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி சேர்ந்த கலவை 15 வாக்கில் நிற்கும். மிதமான வேகத்துக்கு அதுவே போதும். அளவு குறைந்த மிருதுவான குண்டாவது அழுத்தத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் விரிந்து குழலை அடைக்கப் பார்க்கும். கடினமான குண்டு அதுவும் செய்யாது. முதலில் அளவைச் சரிசெய்யுங்கள்.

கலவையை மாற்றினால் குண்டின் அளவும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஆன்டிமனி கூடினால் அதே அச்சில் குண்டு சற்றுப் பெரிதாக விழும், சுத்த ஈயம் சிறுத்து விழும்.

தோட்டா உறையின் கழுத்து குண்டைப் பிழிவது

பள்ளம் 0.309 உள்ள குழலுக்கென்று குண்டைச் சரியாக 0.310க்குக் கொண்டுவந்திருப்பீர்கள். ஜாக்கெட் குண்டுக்கான டையால் கழுத்தை இறுக்கிய உறைக்குள் அதை அழுத்தினால் பித்தளை ஈயத்தைப் பிழிந்து 0.308 ஆக்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தயாரான தோட்டா ஒன்றிலிருந்து குண்டைப் பிடுங்கி அளந்து பாருங்கள், பலர் அதிர்ந்து போவார்கள். வார்ப்புக் குண்டுக்கென்று கழுத்தைக் கூடுதலாக விரிக்கும் டை தனியாகக் கிடைக்கிறது, அதைக் கட்டாயம் வாங்குங்கள்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கூட்டிக்கொண்டே போவது

இது ஆபத்து. குண்டு பெரிதானால் தோட்டாவின் கழுத்தும் பருக்கும். தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் கழுத்து விரிய இடமில்லை என்றால் அது குண்டை விடாது, அழுத்தம் எகிறும். உங்கள் ரைஃபிளில் சுட்ட, இன்னும் டையில் போடாத உறையின் கழுத்தில் குண்டைப் போட்டுப் பாருங்கள். தானாக நழுவி உள்ளே போக வேண்டும். பிடித்தால் அந்த அளவு உங்கள் ரைஃபிளுக்கு இல்லை.

ஜாக்கெட் குண்டின் வெடிமருந்து அளவை அப்படியே போடுவது

கூடாது. வார்ப்புக் குண்டுக்கென்று வெளியான அட்டவணையை மட்டும் பாருங்கள்.

சரி, அந்த நண்பரின் ரைஃபிளுக்கு வருகிறேன். .30-30, ஆறு பள்ளம். அன்றே ஈயத்துண்டு ஓட்டினோம், 0.309 வந்தது. அவர் அதுவரை சுட்டதெல்லாம் 0.308. அச்சிலிருந்து விழுந்த 0.311 குண்டைத் தானே சிரமப்பட்டு டையில் இறக்கியிருக்கிறார். 0.310 டை ஒன்று கொடுத்து, கழுத்தை விரித்து, அதே ஈயத்தில் நாற்பது தோட்டா செய்யச் சொன்னேன். சுட்டு முடித்துக் குழலில் துணி விட்டபோது மசகுக் கறை மட்டும்தான் வந்தது.