புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது எப்படி? முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு

கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் செமஸ்டரில் என் பாடக்குறிப்புகள் எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தன. ஹைலைட்டரே நாலைந்து தீர்ந்திருக்கும். ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை வாசித்தேன். தேர்வு மண்டபத்தில் கேள்வியைப் பார்த்ததும், பதில் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பது கண்ணுக்குள் தெரிந்தது. பதில் மட்டும் வரவில்லை.

இப்போது வார இறுதிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லித் தருகிறேன். ராத்திரி பகலாக உழைக்கிற பிள்ளைகளே அதே இடத்தில் சறுக்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: அன்றைய பாடத்தை அன்றே வெற்றுத்தாளில் எழுதுங்கள்

விரிவுரை முடிந்த அன்று மாலை, குறிப்புகளை மூடி வைத்துவிட்டு ஒரு வெற்றுத்தாளை எடுங்கள். பத்து நிமிடம் போதும். நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதுங்கள். வரிசை தப்பினால் பரவாயில்லை. பிறகு குறிப்பைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். அடுத்த முறை நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பைத்தான்.

முதல் வாரம் தாளில் நாலு வரிகூடத் தேறாது. பலர் அங்கேயே மனம் உடைந்து மறுபடி ஹைலைட்டரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். சிரமப்பட்டு நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் பாடம் மனதில் ஊன்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒரு பகுதியை மறுபடி வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் சற்று முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களுக்கு ஏறக்குறைய 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 56. அந்த ஐந்து நிமிடத் தெளிவைத்தான் நாம் ‘படித்து முடித்துவிட்டோம்’ என்று நம்பிவிடுகிறோம்.

படி 2: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்

திங்கட்கிழமை நடந்த பாடத்தைப் புதன்கிழமை ஒருமுறை, அடுத்த திங்கள் ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை இதே வெற்றுத்தாள் முறையில் எடுத்துப் பாருங்கள். எபிங்கவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாள்களிலும்தான் வேகமாக நடக்கிறது என்று 1885லேயே எழுதிவிட்டார். நம் செமஸ்டரில் பெரும்பாலும் பதினான்கு வாரம் விரிவுரை இருக்கும். அத்தனையையும் தேர்வுக்கு முந்திய ஸ்டடி வீக் என்ற ஒரே வாரத்துக்குள் திணித்தால் எதுவும் நிற்காது.

பகுதிநேர வேலை செய்கிறவர்கள் ‘நேரம் எங்கே?’ என்று கேட்பார்கள். நியாயம்தான். எல்ஆர்டி ரயிலில் யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து மஸ்ஜித் ஜாமெக் போவதற்குள் ஒரு பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் முடியும்.

படி 3: அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நம்மில் பலர் ஆரம்பப் பள்ளியில் தமிழிலும், இடைநிலைப் பள்ளியில் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தவர்கள். ஆங்கில வாக்கியத்தைப் புரியாமலே மனப்பாடம் செய்துவிட முடியும். தமிழில் விளக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒருநாள் அம்மாவிடம் தேய்மானம் பற்றிச் சொன்னேன். அறுபதாயிரம் ரிங்கிட்டுக்கு ஒரு லாரி வாங்குகிறோம், ஆறு வருஷம் ஓடும், கடைசியில் விலைக்குப் போகாது, அதனால் வருஷத்துக்குப் பத்தாயிரம் செலவு என்று எழுதுவோம் என்றேன்.

“அப்படின்னா வருஷா வருஷம் பத்தாயிரம் கையை விட்டுப் போகுதா?” என்று கேட்டார் அம்மா.

நான் திணறிப்போனேன். பணம் முதல் நாளே போய்விட்டது, அந்தச் செலவை லாரி உழைக்கும் ஆறு வருஷத்துக்கும் பங்கு பிரித்து எழுதுகிறோம், அவ்வளவுதான் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கே விளங்கியது. அடுத்த தேர்வில் அதை ஒட்டி ஒரு கேள்வி வந்தது. பேனா தயங்கவே இல்லை.

தமிழில் விளக்கம் பிடிபட்டதும், அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தேர்வுத்தாள் அந்த மொழியில்தானே வரும்.

படி 4: பழைய வினாத்தாள்களை ஆறாவது வாரமே தொடங்குங்கள்

பல பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரே ஒரு கேள்வியை எடுத்து, நேரம் வைத்து, குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டு ‘இது எனக்குத் தெரியும்’ என்று தலையாட்டுவதில் பயன் இல்லை.

படி 5: கெடுப்பதை ஒதுக்குங்கள்

கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் கை அதைத் தேடிப் போகும்.

மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து குழுவாகப் படிப்பது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு மூன்று கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள், ஒருவரை ஒருவர் கேளுங்கள். கேள்வி தீர்ந்ததும் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் ஓடுவது ‘தே தாரிக்’ தேநீரும் பந்தாட்டமும்தான்.

விடிய விடிய விழித்திருப்பதைப் பெருமையாகப் பேசாதீர்கள். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதற்குத் தூக்கம் வேண்டும்.

தேர்வுக்கு முந்திய இரவு

புதிதாக எதையும் தொடாதீர்கள். சிவப்புப் பேனாவில் எழுதியவற்றை மட்டும் ஒருமுறை பாருங்கள். மைகார்டு என்ற அடையாள அட்டை, மாணவர் அட்டை, இரண்டு பேனா, கால்குலேட்டர் எல்லாவற்றையும் பையில் எடுத்து வையுங்கள். எந்த மண்டபம், எத்தனை மணி என்று மறுபடி சரிபாருங்கள். அப்புறம் பதினோரு மணிக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள்.