ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் போர்ப்பணி வரலாற்றைத் தொகுக்கும் முறை

படகின் எண்ணை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். யு-96 என்ற பெயரில் இரண்டு உலகப் போர்களிலும் படகுகள் இருந்தன. கட்டிய தளம், ரகம், பணியில் சேர்ந்த நாள் மூன்றும் பொருந்தினால்தான் அது நீங்கள் தேடும் படகு. இரண்டாம் போரின் யு-96, 7சி ரகம். கீல் நகரின் ஜெர்மானியாவெர்ஃப்ட் தளத்தில் உருவாகி, 1940 செப்டம்பர் 14 அன்று பணியில் சேர்ந்தது. சேர்ந்த உடனே எந்தப் படகும் போருக்குப் போய்விடாது. முதலில் பால்டிக் கடலில் பயிற்சி. அந்தக் காலத்தையும், துறைமுகம் மாறிய வெற்றுப் பயணங்களையும் போர்ச்சுற்றுக் (எதிரிக் கப்பல்களைத் தேடிச் சென்ற பயணங்கள்) கணக்கில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள்.

அடிப்படை ஆவணம் படகின் போர் நாட்குறிப்பு. 1945-இல் ஜெர்மனியின் டாம்பாக் கோட்டையில் நேச நாடுகள் கைப்பற்றி எடுத்துச் சென்ற கடற்படை ஆவணங்கள் பின்னர் ஜெர்மனிக்குத் திரும்பின. நீர்மூழ்கி நாட்குறிப்புகள் ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக்காப்பகத்தில் ஆர்எம் 98 பிரிவில் உள்ளன. நுண்படச் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் டி 1022 தொடரில் கிடைக்கும். மூழ்கிய படகோடு கடைசிச் சுற்றின் குறிப்பும் போயிருக்கும். அந்த இடைவெளிக்கு நீர்மூழ்கிப் படைத் தலைமையகத்தின் நாட்குறிப்பையும், லண்டனில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் டெஃப் 3 தொடரில் உள்ள மறைகுறி நீக்கிய வானொலிச் செய்திகளையும் பாருங்கள். ஆனால் 1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் படகுகளுக்கு நான்கு சக்கர எனிக்மா மறைகுறி இயந்திரம் வந்தபின் டிசம்பர் வரை அவற்றின் செய்திகளைப் பிரிட்டன் அநேகமாகப் படிக்க முடியவில்லை. அந்த மாதங்களில் இந்த வழி பெரிதாக உதவாது.

இனி அட்டவணை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஜெர்மன் நேரம், கிரீன்விச் நேரம், கட்டக் குறியீடு (ஜெர்மன் கடற்படை வரைபடத்தில் இடத்தைக் காட்டும் குறி), அட்சரேகை-தீர்க்கரேகை, ஆதாரம் எனப் பத்திகள் வேண்டும். அதிகம் பிழை நேர்வது நேரத்தில்தான். 1940 ஏப்ரல் 1 முதல் 1942 நவம்பர் 2 வரை ஜெர்மனி கோடை நேரத்தை இடைவிடாமல் கடைப்பிடித்தது. டிசம்பராக இருந்தாலும் அந்த ஆண்டுகளில் 2 மணி நேரம் கழிக்க வேண்டும். நாட்குறிப்பில் 12-ஆம் தேதி 00:30 என்றால் கிரீன்விச் கணக்கில் 11-ஆம் தேதி 22:30. இதைத் தவறவிட்டால் ஒரே தாக்குதல் இரண்டாகப் பதிவாகும். எதிர்த்தரப்புக் கப்பல் எந்த நேர மண்டலத்தில் குறிப்பு எழுதியது என்பதையும் பாருங்கள்.

கட்டக் குறியீடு இரண்டு எழுத்தும் நான்கு எண்ணும் கொண்டது. எழுத்துகள் பக்கத்துக்கு 486 கடல் மைல் கொண்ட பெருங்கட்டத்தைக் காட்டும். முதல் இரண்டு எண்கள் அதை 54 மைலாகவும், அடுத்த இரண்டு 6 மைலாகவும் குறுக்கும். ஆகவே முழுக் குறியீடும் புள்ளி அல்ல, ஒரு பரப்பு. வானம் மூடிய நாட்களில் படகின் கணிப்பே பிசகியிருக்கும். பல மைல் வித்தியாசம் வந்தாலும் பொருத்தத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

மூழ்கடித்த கப்பல்களுக்குத் தளபதி எழுதிய டன் கணக்கை அப்படியே ஏற்காதீர்கள். பெரும்பாலும் இருட்டிலோ பெரிஸ்கோப் வழியேயோ மதிப்பிட்டது அது. இலக்கைத் தவறவிட்ட டார்பிடோ ஓட்டத்தின் முடிவில் வெடித்தாலும், எதிரியின் காவல் கப்பல்களின் ஆழக்குண்டு வெடித்தாலும், ஆழத்தில் இருப்பவர்களுக்கு அது தாக்கிய ஓசையாகவே கேட்கும். கான்வாய் (காவலுடன் சென்ற கப்பல் கூட்டம்) அறிக்கைகள் உள்ள, அதே லண்டன் காப்பகத்தின் ஏடிஎம் 199 தொடருடன் ஒப்பிட்டு, மூழ்கியவை, சேதமடைந்தவை, தவறியவை எனப் பிரியுங்கள். ஒரு படகு சேதப்படுத்திய கப்பலை மற்றொன்று மூழ்கடித்திருந்தால் இரண்டின் பெயரும் வர வேண்டும்.

முடிவு எப்படி என்பதற்கு யு-96 எளிது: 1945 மார்ச் 30, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென், அமெரிக்க விமானக் குண்டுவீச்சு. கடலில் காணாமல் போனவற்றில் கவனம் தேவை. யு-869 மொராக்கோ கடலில் அழிந்ததாகவே நெடுங்காலம் பதிவில் இருந்தது. 1991-இல் நியூ ஜெர்சிக்கு அப்பால் கிடைத்த சிதைவு அதுதான் என்று 1997-இல் உறுதியானது. ஆகவே முடிவு எழுதும் இடத்தில், அந்த முடிவுக்கு யார், எந்த ஆண்டு, எந்த ஆதாரத்தால் வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.