பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு: பக்கத்துக் காலேஜா, வெளியூர் ஹாஸ்டலா?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அரசு சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற ஓர் அக்ஷயா மையத்தில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் டிகிரிக்கு அப்ளிகேஷன் போடக் கூட்டம் வரும். பல வீடுகளில் இந்தப் பேச்சே என் மேஜைக்கு முன்னால்தான் முதன்முதலாக எழுகிறது. "பக்கத்துல சித்தூர்லயே போட்டு விடுங்கக்கா" என்பார் அப்பா. பிள்ளை பதில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் மையத்துக்கு வருவதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

காலேஜ் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வை, கண்ணு. முதலில் பாடம். நீ கேட்கிற பாடம் பஸ் எட்டும் தூரத்தில் இருக்கிறதா? சித்தூர் அரசுக் கல்லூரி 1947இல் வந்தது. பாலக்காடு விக்டோரியா அதற்கும் ரொம்ப முந்தியது. இரண்டும் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். கோழிக்கோட்டில் ஹாஸ்டலில் தங்கி, அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு கல்லூரியில் படிக்கிறவளுக்கும் உனக்கும் பட்டம் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஹாஸ்டலுக்குக் கடன் வாங்குகிற வீடுகளைப் பார்க்கையில் எனக்கு மனசு பொறுக்காது. தமிழ் படிக்க ஆசை என்றால் சித்தூரிலேயே பி.ஏ. தமிழ் இருக்கிறது. வேறு பாடம் எடுத்தாலும் அங்கே மொழிப் பாடமாகத் தமிழ் கிடைக்கும். வடக்கே போகப் போகப் பெரும்பாலும் மலையாளமோ ஹிந்தியோதான். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாடமே இங்கே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்புங்கள். கிடைத்ததைப் படி என்று ஒரு பிள்ளையைப் பிடிக்காத பாடத்தில் தள்ளிவிடாதீர்கள். 2024 முதல் கேரளத்தில் டிகிரி நான்கு வருஷத் திட்டமாகிவிட்டது. மூன்றாம் வருஷத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம்தான், ஆனாலும் மூன்று வருஷம் பிடிக்காததைச் சுமப்பது லேசு இல்லை.

பாடம் பக்கத்தில் இருந்தால் அடுத்தது நேரம். கூகுள் காட்டுகிற நேரத்தை நம்பாதே. ஒரு திங்கட்கிழமை காலை, காலேஜ் பிள்ளைகள் ஏறுகிற அதே பஸ்ஸில் நீயும் ஏறிப் போய்விட்டு, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வா. வாசலிலிருந்து வாசல் வரைக்கும் கணக்கெடு. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஹாஸ்டல் பார்ப்பது நல்லது என்பேன். வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குத் தினமும் போய்வர நினைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: இங்கே பஸ்ஸில் கிடைக்கிற ஸ்டூடண்ட் கன்செஷனை எல்லைக்கு அந்தப் பக்கமும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

மூன்றாவது, வீடு. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. வீட்டிலிருந்து படித்தால் செலவு மிச்சம் என்கிறோம். அந்த மிச்சத்தை யார் கொடுக்கிறார்கள்? விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய், வந்து தம்பிக்குச் சாப்பாடு கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்தால் மறுபடியும் அடுப்படி. பரீட்சை நேரத்தில்கூட ராத்திரி பத்து மணிக்குத்தான் புத்தகம் கையில் வரும். அண்ணன்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஆகவே, அப்பா அம்மாவுக்கு: மகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறதாக இருந்தால், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாத வீடு என்றால் சித்தூர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அவளை ஹாஸ்டலுக்கு அனுப்புவதுதான் நியாயம்.

பணக் கணக்கில் ஹாஸ்டல் வாடகையோடு நிறுத்திவிடாதீர்கள். சேரும்போது கட்டுகிற டெபாசிட், மாதா மாதம் மெஸ் பில், லீவுக்கு வந்துபோகிற பஸ் சார்ஜ், எல்லாம் எழுத வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் ஹாஸ்டல் செலவைப் பார்த்துப் பின்வாங்குவதற்கு முன், கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் என்கிற கல்வி உதவித்தொகையைப் பற்றி அந்தந்தத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கோவைப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள் என்று கேட்டு வருகிறார்கள். அது ஆறு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு. இங்கே கேரளப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிடைக்காது. அதேபோல், கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் சீட் கேட்க முடியாது. சொந்தபந்தமெல்லாம் அந்தப் பக்கம்தான் என்றாலும் காகிதத்தில் நீங்கள் இந்தப் பக்கம். சீட்டு கிடைக்கும் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு ஆப்ஷன் வரிசையை, அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் முதலில் வேண்டும், எது அடுத்தது என்பதை, ஒரு தாளில் எழுதிக்கொண்டு மையத்துக்கு வாருங்கள். காலிக்கட் பல்கலைக்கழகம் சீட்டு ஒதுக்குகிற அலாட்மென்ட்டில் இந்த வரிசைதான் எல்லாம். கோழிக்கோட்டுக் கல்லூரி ஒன்றை "சும்மா" முதலில் போட்டு, சித்தூரை இரண்டாவதாகப் போட்டால், முதலில் சித்தூர் கிடைத்தாலும் அடுத்த அலாட்மென்ட்டில் சீட்டு தானாகவே கோழிக்கோட்டுக்கு மாறிவிடக்கூடும். மாறினால் சித்தூர் சீட்டு திரும்பி வராது. கிடைத்ததே போதும் என்றால் மேலே உள்ள ஆப்ஷன்களை உடனே கேன்சல் செய்ய வேண்டும். அலாட்மென்ட் வந்ததும் குறித்த தேதிக்குள் மேண்டேட்டரி ஃபீஸ் என்கிற கட்டாயக் கட்டணமும் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் சீட்டு போய்விடும். மொபைல் நம்பர் கேட்கும் இடத்தில் பிள்ளையின் கையில் இருக்கிற நம்பரையே கொடுங்கள். அப்பா தோப்பில் நிற்கும்போது அவர் போனுக்கு ஓ.டி.பி. போனால், இங்கே மேஜைக்கு முன்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.