கோழிப் பண்ணைக்கு வயர் இழுக்கும் முன் ஒரு கணக்கு

தோட்டத்து வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கும் கோழிப் பண்ணைக்கு வயர் இழுத்தாயிற்று. ஆனாலும் குஞ்சுகள் ஹீட்டரடியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன, சூடு போதவில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் இப்படியானால் பழி ஹீட்டர் மேல்தான் விழும். என் சந்தேகம் எப்போதும் வயர் மேல். அதைக் காகிதத்திலேயே சோதித்துவிடலாம்.

வேண்டியது ஒரே சூத்திரம். ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்டது: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. அழுத்தத்தை வோல்ட்டிலும், ஓட்டத்தை ஆம்பியரிலும், தடையை ஓமிலும் சொல்வோம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும்.

படி 1: பேட்டரியில் பழகுங்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 1,000 ஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடை தரும் சிறு பாகம், இரண்டு (பழுப்பு, கருப்பு, சிவப்புப் பட்டை போட்டது), வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று. வீட்டு பிளக் பாயிண்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரு ரெசிஸ்டரை இணைத்தால் 9 ÷ 1,000 = 0.009, அதாவது 9 மில்லி ஆம்பியர். வோல்ட் பார்க்க, ரெசிஸ்டரின் இரு முனைகளையும் மீட்டர் முனைகளால் தொட்டால் போதும். ஆம்பியர் பார்க்க, சுற்றை ஓரிடத்தில் பிரித்து அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். ஆம்பியரில் வைத்த மீட்டரை நேராகப் பேட்டரி முனைகளில் வைத்தால் அதன் ஃபியூஸ் போய்விடும். ஓம் பார்க்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஓட்டம் 9 மில்லி ஆம்பியருக்குப் பதில் 8.8 என்றோ 9.3 என்றோ காட்டினால் கலங்க வேண்டாம். ரெசிஸ்டரில் தங்கநிறப் பட்டை இருந்தால் அதன் தடை 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள்.

படி 2: இரண்டு ரெசிஸ்டரையும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக, இணையுங்கள். தடை 2,000 ஓம், ஓட்டம் 4.5 மில்லி ஆம்பியர், ஒவ்வொன்றின் மீதும் 4.5 வோல்ட். தடைக்கு ஏற்ப அழுத்தம் பங்கு பிரிகிறது என்பதைக் கவனியுங்கள். பண்ணைக் கணக்கின் உயிர்நாடி இதுதான். இரண்டையும் பக்கவாட்டில், முனையோடு முனை சேர்த்து இணையாக இணைத்தால் தடை 500 ஓம் ஆகி, ஓட்டம் 18 மில்லி ஆம்பியராகும்.

படி 3: ஹீட்டர் 1,000 வாட், 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 4.35 ஆம்பியர். ஹீட்டரின் தடை 230 ÷ 4.35 = ஏறத்தாழ 53 ஓம்.

படி 4: வயரும் ஒரு ரெசிஸ்டர்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம் அளவில் தடை உண்டு. போக 200, வர 200, ஆக 400 மீட்டர். திரும்பி வரும் கம்பியைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 0.4 × 12 = 4.8 ஓம்.

ஹீட்டரும் வயரும் தொடராக இருப்பதால் மொத்தத் தடை 53 + 4.8 = 57.8 ஓம். ஓட்டம் 230 ÷ 57.8 = ஏறத்தாழ 4 ஆம்பியர். வயரில் மட்டும் 4 × 4.8 = 19 வோல்ட் போய்விடுகிறது. ஹீட்டருக்கு வருவது 211 வோல்ட். அது தருவது 840 வாட். மிச்சத்தில் ஏறக்குறைய 76 வாட் வயரைச் சூடாக்குகிறது. குஞ்சுகளுக்கு அதனால் பயனில்லை.

4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் தடை 1.85 ஓம்தான், இழப்பு 8 வோல்ட்டுக்குள் அடங்கும். விலை கூடத்தான், ஆனால் நான் அதையே போடச் சொல்வேன்.

போர்வெல் மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். மோட்டார் வெறும் மின்தடை அல்ல. அழுத்தம் குறைந்தால் அது கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயிலைக் கருக்கிவிடும். சிங்கிள் பேஸ் மோட்டாரானால் அதன் தகட்டில் பொறித்திருக்கும் ஆம்பியரை வயரின் ஓமால் பெருக்கி, இழப்பைத் தோராயமாக அறியலாம். குழிக்குள் இறங்கும் கேபிளின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.