லூர் ஸ்கர்ட்டை விரைவில் கெடுக்கும் தவறுகள்

லூர் என்பது மீனை ஈர்க்கத் தூண்டிலில் கட்டும் செயற்கை இரை. சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட், கனமான தலையும் தூண்டில் முள்ளும் கொண்ட ஜிக் ஆகிய லூர்களின் கழுத்தைச் சுற்றியும், விரால் பிடிக்கும் தவளை லூரின் பின்புறம் கால்களாகவும் தொங்கும் ஸ்கர்ட் இழைகள் மீன் கடித்து அறுந்து போவதைவிட, பெட்டிக்குள் கிடந்து பிசுபிசுத்தும் வெடித்தும் வீணாவதே அதிகம் என்பது என் கணிப்பு. மீன்பிடித்து வீடு திரும்பிய பிறகு நாம் செய்பவையும் செய்யாமல் விடுபவையுமே அவற்றின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவுசெய்கின்றன.

முதல் தவறு, இழை எதனால் ஆனது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவது. இயற்கை ரப்பர் இழை சற்றுத் தடிப்பாகவும் மங்கலாகவும் இருக்கும். சிலிக்கோன் இழை மெல்லியது, பெரும்பாலும் மினுக்குத் துகள்களோ அச்சிட்ட கோடுகளோ கொண்டது. சிலிக்கோன் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். இயற்கை ரப்பர் தாங்காது. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஓசோன்கூட, இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரில், இழுவிசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கிவிடும். ஆகவே லூர் பெட்டியின் சிறிய அறைக்குள் இழைகளை மடக்கித் திணிப்பது பெருந்தவறு. நெடுநாள் மடிந்து கிடந்த இழையை விரலில் சுற்றி உற்றுப் பாருங்கள். மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் வரிசையாகத் தெரியும். அடுத்த முறை அது அறுவது அந்த இடத்தில்தான்.

இதைவிட விரைவாகக் கெடுதல் செய்வது, மென்பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே அறையில் போட்டு வைப்பது. அந்தப் புழுக்கள் பொதுவாக பி.வி.சி.யுடன் நெகிழ்வூட்டும் எண்ணெய் கலந்து செய்யப்படுபவை. அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து இழைகளுக்குள் இறங்கும்போது அவை உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, சாயமும் கலந்து ஒரே கட்டியாகிவிடும்; அப்படி ஒட்டியவற்றைப் பெரும்பாலும் மீட்க முடியாது. ஜிக்கின் முள்ளில் கோத்த புழுவைக் கழற்றாமலே பெட்டியில் வைப்பவர்கள் பலர். தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

ஈரத்தோடு மூடி வைத்தால் முள் துருப்பிடித்து இழையில் கறை ஏறும். கழிமுகத்திலோ கடலிலோ வீசிய லூரை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். விரைவில் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டு வருவதும் இயற்கை ரப்பருக்குக் கேடு.

முள் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவுவோர் உண்டு. மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊதச் செய்து வலுவிழக்க வைக்கும். தாவர எண்ணெயும் அதற்கு நல்லதன்று. தூண்டில் நூல் சுற்றும் ரீலுக்கு எண்ணெய் விட்ட கையைக் கழுவாமல் ஸ்கர்ட்டைத் தொடுவதையும் தவிர்க்கலாம். இழைகள் ஒட்டாமல் இருக்க, நன்கு உலர்ந்த பின் சிறிது டால்க் பவுடர் தூவினால் போதும்.

கடைசியாக, இழைகளைக் கட்டிப் பிடிக்கும் ரப்பர் வளையம் தளர்ந்ததும் முழு ஸ்கர்ட்டையும் எறிந்துவிடுவது வீண். இழைகள் நன்றாக இருந்தால், வளையத்தை மட்டும் நீக்கிவிட்டு உறுதியான நூலால் பலமுறை சுற்றிக் கட்டலாம். மெல்லிய கம்பியும் பயன்படும். ஆனால் அதை அளவுக்கு மீறி முறுக்கினால் இழைகளையே அறுத்துவிடும் என்பதால், இழைகள் நழுவாத அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.