வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சரிவைப் படிப்பது எப்படி? நீலகிரியில் குடியிருப்போருக்கும் மனை வாங்குவோருக்கும்

நீலகிரியில் மனை பார்க்க வருபவர்கள் பட்டாவையும் பாதையையும் குடிநீர் இணைப்பையும் விசாரிக்கிறார்கள். மனையின் பின்புறம் ஏறிச் செல்லும் சரிவை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் இந்த மலையில் ஒரு வீடு நிலைப்பதும் சரிவதும், அடியில் உள்ள பாறை, அதன்மேல் படிந்த மண், இரண்டுக்கும் நடுவே ஓடும் தண்ணீர் ஆகியவற்றைப் பொறுத்தே அமைகிறது. பொறியாளரோ நிலவியலாளரோ வந்து பார்ப்பதற்கு இது மாற்றாகாது. அவர்களிடம் எதைக் காட்ட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று குடியிருப்பவர் தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பாறையைப் பாருங்கள். மழையில்லாத ஒரு நாளில், உங்கள் மனைக்கு அருகே சாலைக்காக மலையை வெட்டிய இடம் ஒன்றைத் தேர்ந்து, வெட்டுக்கு நேர் கீழே நிற்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். கீழே உடைந்து கிடக்கும் புதிய கல் கருநீலமோ கரும்பச்சையோ கலந்து, எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். அதுவே சார்னக்கைட். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் வந்த பெயர் அது. நீலகிரியின் சார்னக்கைட்டுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது. நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல் என்பதால், புதிதாக இருக்கும்போது அது மிக உறுதியானது.

அந்த உறுதியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சற்றே அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நீண்ட காலத்தில் கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. இரும்புள்ள கனிமங்கள் துருவேறுவதால் மண் சிவக்கிறது. வெட்டின் உச்சியில் வேர்கள் நிறைந்த கறுப்பு மண், அதன்கீழ் செம்மண், அதற்கும் கீழே கல்லின் வரிகள் அப்படியே தெரிந்தும் நகத்தால் கீறினால் உதிர்ந்துவிடும் அழுகிய பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று அடுக்குகள் தெரியும். அழுகிய பாறைக்குள் வெங்காயத்தோல் போல உரியும் உருண்டைக் கற்கள் பொதிந்திருக்கும். அவற்றைக் கெட்டிப் பாறையின் தலை என்று எண்ணி அதன்மேல் அஸ்திவாரம் போட்டுவிடக் கூடாது. சுற்றியுள்ள மண் நீர் குடித்து இளகினால் அந்த உருண்டை இடம்பெயரும். மேலே சரிவில் அப்படி ஒரு கல் பாதி வெளியே தெரிந்தால், கீழே வீடு கட்டுவதற்கு முன் அதைப் பற்றித் தொழில் தெரிந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மண்ணை ஒரு பாட்டிலிலேயே சோதிக்கலாம். மேல்மண்ணை நீக்கி, முழங்கை ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை, நேரான பக்கங்களுள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அடுக்குகளை அளந்தால் விகிதம் தெரியும். அந்த ஆழத்து மண்ணில் களி மிகுந்திருந்தால், மேலிருந்து இறங்கும் நீர் அங்கே தடுக்கப்பட்டுச் சரிவின் போக்கிலேயே பக்கவாட்டில் நகரும் என்று பொருள்.

நீர்வழியை அறிவதே இந்த வேலையில் மிக முக்கியமானது. அதற்குரிய காலம் பிப்ரவரியும் மார்ச்சும் ஆகும். பனியில் புல் காய்ந்து மலை பழுப்பேறியிருக்கும் அந்த நாட்களில், ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தாலோ, பெரணிகள் அடர்ந்திருந்தாலோ, காலடியில் ஈரம் கசிந்தாலோ, அங்கே நிலத்தடி நீர் வெளியே வருகிறது. அந்த இடங்களை ஒரு தாளில் வரைந்து தேதியிட்டு வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய ஊற்று எங்கே இருந்தது, எந்த ஓடையை மூடினார்கள் என்று கேளுங்கள். மண் போட்டு மூடிய ஓடை மழை நாளில் தன் பழைய வழியைத் தேடி வரும். சதுப்பை நிரவி உருவாக்கிய மனையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நீர் ஏன் சரிவை இறக்குகிறது என்றால், மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உராய்ந்து நிற்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகள் நீரால் நிரம்பும்போது அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது; உராய்வு குறைகிறது; மண்ணின் எடையோ கூடுகிறது. களி அடுக்கின் மேலோ பாறையின் மேலோ நீர் தேங்கும்போது, மேலே உள்ள மண் முழுவதும் அந்தப் பரப்பில் வழுக்கி இறங்கக்கூடும்.

அடுத்தது காற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நிலம் சுமார் 1,500 மீட்டர் உயர்கிறது. வங்கக் கடலின் ஈரக்காற்று இந்தச் சுவரில் ஏறும்போது, அழுத்தம் குறைந்து விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தை ஏந்த முடியாமல் மழை கொட்டுகிறது. அதனால் வடகிழக்குப் பருவத்தில் குன்னூரும் கோத்தகிரியும், அரபிக் கடல் காற்று மேற்கிலிருந்து ஏறும் தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பகுதிகளும் அதிகம் நனைகின்றன. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கத்து மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவானது. கிழக்குச் சரிவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஜூன் முதல் பெய்த மழையில் ஏற்கெனவே நனைந்திருக்கும் மண்மீதுதான் அக்டோபர் மழை விழுகிறது.

ஆகவே வீட்டிலேயே மழையை அளவிடுங்கள். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை மரத்துக்கும் கூரைக்கும் விலகி வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடலாம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யைத் தாண்டினால் கனமழை, 115.5 மி.மீ.யைத் தாண்டினால் மிக கனமழை, 204.4 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை என்று வானிலை ஆய்வு மையம் வகுக்கிறது. ஒரு நாள் அளவோடு நிற்காமல், முந்தைய பல நாட்களின் கூட்டுத்தொகையையும் பாருங்கள்.

இந்தக் கணக்கு வடிகாலுக்கும் உதவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் ஆகும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் இறங்கும். அந்த நீரையும் சமையலறை, குளியலறைக் கழிவுநீரையும் சரிவில் விடாமல், குழாய் வழியாகக் கெட்டியான ஓடைப் படுகை வரை கொண்டு செல்ல வேண்டும். சரிவின் மேல்விளிம்பில் தோண்டிய உறிஞ்சுகுழி, கோடையிலும் சரிவை ஈரமாகவே வைத்திருக்கும்.

எங்கள் வீட்டின் பின்புறம் முதலில் கட்டிய தடுப்புச் சுவரில் நீர் கசியும் துளைகள் விடப்படவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அது வயிறு தள்ளி நின்றது; இடித்துவிட்டு, துளைக் குழாய்கள் பதித்து, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பித் திரும்பக் கட்டினோம். அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்தத் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்கிறோம். வெட்டிவேர் போன்றவற்றை நட்டால் மேல்மண் பிடிபடும். ஆனால் வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கும் சரிவைச் செடிகள் நிறுத்தா. சரிவின் அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டி இடம் பெருக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தால், இரு புறமும் முளையடித்து இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் நிரப்பி இடித்து, தார்ப்பாய் போட்டு மூடினால் மழைநீர் உள்ளே போகாது. சுவர் வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டினால், அசைவு தொடரும்போது அது உடைந்து காட்டிக்கொடுக்கும். முளைகளின் இடைவெளி மழையில் கூடிக்கொண்டே போனாலோ, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, கதவுகள் இறுகினாலோ, மின்கம்பமோ மரமோ சாய்ந்தாலோ, பொருட்களை எடுக்க நிற்காமல், இருட்டுவதற்கு முன்பே சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வீட்டுக்கு மேலும் கீழும் குடியிருப்பவர்களையும் அப்போதே எச்சரியுங்கள்.